பத்து சென்ட் சாட்சி

இப்போதெல்லாம் நன்றி சொல்வது ரொம்ப மலிவாகிவிட்டது. பால் வாங்கப் போனால் கல்லாவில் நிற்கிற பெண் என் பழைய பட்டாளத்துத் தொப்பியைப் பார்த்துவிட்டு நாட்டுக்காகப் போனதற்கு நன்றி என்கிறாள்; கண் என்னவோ செல்போனில் இருக்கிறது. டயர் கடைக்காரன் சொல்கிறான். பாங்கில் சொல்கிறார்கள். நவம்பர் மாதம் பழைய சிப்பாய்கள் தினம் என்று ஒரு நாள் ஓட்டலில் தட்டு நிறைய பான்கேக் போட்டு, காசு வேண்டாம் என்று சொல்லி, போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஆட்களிடம் போய், செத்துப்போன ஒரு சிப்பாயின் பெண்டாட்டிக்காக ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார்கள். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பட்டாளத்தில் லாரி ரிப்பேர். பிறகு ஷெரிப் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் டெபுடி. எர்வின் ஜெலினெக் என்றால் இந்த விஸ்கான்சின் பக்கம் நாலு கிராமத்துக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் ஏதாவது தொலைந்தால், யாராவது ஏமாற்றினால், என்னிடம்தான் வருகிறார்கள். நான் யாரையும் நம்ப மாட்டேன், அதனால்தான்.

அன்று வியாழக்கிழமை. பழைய சிப்பாய்கள் கிளப்பில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பார் மேஜைக்கு அந்தப் பக்கம் லோரீன் மறுநாள் மீன் விருந்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பட்டாளத்தில் எண்ணூறு பேருக்குச் சமைத்தவள். இப்போது கிளப்பில் பார் பார்க்கிறாள், மிச்ச நேரத்தில் என்னோடு துப்புத் துலக்க அலைகிறாள். சம்பளம் கிடையாது. வாய் உண்டு.

மாவிஸ் உள்ளே வந்தாள். ஆர்டனின் மனைவி. ஆர்டன் செத்து இரண்டு வருஷம். வந்தவள் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் கவிழ்த்தாள். பதினோரு காசு. எல்லாம் பத்து சென்ட்.

"எவனோ என் புருஷனைக் கேலி பண்றான், எர்வின். அது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. நான் ஊரை விட்டுப் போறதுக்குள்ள அவன் மூஞ்சியைப் பாக்கணும்."

அவள் சொன்னது இது. ஆர்டன் கடற்படையில் சரக்குக் கப்பலில் இருந்தான். அறுபத்தேழாம் வருஷம், வியட்நாம் கரையோரம். அங்கே காட்டை அழிக்கத் தெளித்த விஷத்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே போனவன் அந்த நோயில் செத்தால் மனைவிக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஆனால் இது நடந்த 2011இல் சட்டம் இப்படி: கப்பலில் நின்றது கணக்கில்லை. அவன் கால் அந்த மண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டதற்குப் பேப்பர் வேண்டும், இல்லை கூட இருந்தவன் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் சின்னப் படகில் தபால் பையோடு கரைக்குப் போனதாக ஆர்டன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பேப்பரும் இல்லை, ஆளும் இல்லை. மனு தள்ளுபடி. மறுபடி கேட்க ஒரு வருஷம் டைம். அந்த வருஷம் நாளையோடு முடிகிறது.

வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டாகிவிட்டது. முதல் தேதி அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போகிறாள். கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறையாம். ஆர்டன் பக்கத்தில் தனக்கென்று வாங்கி வைத்த ஆறடி இடம் இங்கேயே சும்மா கிடக்கும் என்று சொன்னபோதுதான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தள்ளுபடிக் கடிதம் வந்த அடுத்த மாதத்திலிருந்து, மாதம் ஒன்று என்று அவன் கல்லறைக் கல்லின் மேல் ஒரு பத்து சென்ட் காசு இருக்கிறது. "உன் புருஷன் பெறுமானம் இவ்வளவுதான்னு எவனோ சொல்றான்" என்றாள்.

லோரீன் கத்தியைக் கீழே வைத்தாள். நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

சிப்பாய் கல்லறையில் காசு வைப்பது எங்களுக்குள் ஒரு பேச்சு. ஒரு சென்ட் வைத்தால் வந்து பார்த்துவிட்டுப் போனேன் என்று அர்த்தம். ஐந்து சென்ட் என்றால் பயிற்சி முகாமில் கூட இருந்தேன். கால் டாலர் என்றால் நீ சாகும்போது பக்கத்தில் இருந்தேன். பத்து சென்ட் என்றால், உன்னோடு சேர்ந்து வேலை பார்த்தேன். கடற்படைக்காரனுக்கு அது ஒரே கப்பல் என்று அர்த்தம்.

"கேலி இல்ல, மாவிஸ். உன் புருஷனோட கப்பல்ல இருந்தவன் ஒருத்தன் மாசாமாசம் இங்க வந்துட்டுப் போறான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. அந்தக் கப்பல்காரர்கள் இந்த மாநிலத்தில் ஒருத்தரும் உயிரோடு இல்லை என்று வெண்டல் தேடிப் பார்த்துச் சொல்லியாகிவிட்டதாம்.

வெண்டல் ஹௌகன் என் சிநேகிதன். முப்பத்தொரு வருஷப் பழக்கம். கிளப்பின் பின்னறையில் இரண்டு பீரோவும் ஒரு மேஜையும் போட்டு, சிப்பாய்க் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன். ஒரு காசு வாங்க மாட்டான். நூற்று நாற்பது குடும்பத்துக்கு அவன்தான் வாங்கிக் கொடுத்தான். லாரிச் சத்தத்தில் போன என் காதுக்கு மாதாமாதம் ஏதோ வருகிறதே, அதுவும் அவன் எழுதியது. மாவிஸ் மனுவும் அவன் எழுதியதுதான்.

லோரீன் ஒரு காசை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"புதினா. பல் செட்டு ஒட்டுற பசை. கல்லு மேல்பக்கம் வளைவா இருக்கு, காசு நிக்கல. அதான் வாயில இருந்தத எடுத்துத் தடவிட்டான்."

"பல் செட்டுக்காரன்" என்றேன்.

"ஆமா பெருசு. இந்த ஊர்ல அறுபது தாண்டினவன் எல்லாரையும் பிடிச்சு உள்ள போடு. உன்னையும் சேத்து."

பசையை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. கப்பலை வைத்துப் பிடிக்கலாம். ஒவ்வொரு கப்பலின் ஆட்களும் வருஷத்துக்கு ஒரு தடவை எங்கேயாவது கூடிக் குடிப்பார்கள். அதற்கென்று ஒருத்தன் நாலு பக்கக் கடிதம் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புவான். ஆர்டனுக்கு அப்படி வந்ததா என்று கேட்டேன். பெட்டியில் இருக்கிறது என்றாள். மூன்று பேரும் என் டிரக்கில் ஏறினோம்.

வீட்டில் பாதி சாமான் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. ஆர்டனின் பெட்டியை மட்டும் அவள் இன்னும் மூடவில்லை. தேடிக்கொண்டே பேசினாள். சாகிறதற்கு நாலு நாள் முன்னால் ஆர்டன் அவளிடம், கவலைப்படாதே, ஒருத்தன் எனக்கு ஒரு நாள் கடன்பட்டிருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றானாம். மருந்து மயக்கத்தில் உளறுகிறான் என்று விட்டுவிட்டாள்.

"ஒரு நாளா? பணம் இல்லையா?" என்று லோரீன் கேட்டாள்.

ஒரு நாள் என்றுதான் சொன்னான் என்றாள் மாவிஸ். லோரீன் என்னைப் பார்த்தாள். பட்டாளத்தில் நாள் கடன் என்றால் ஒன்றுதான். என் முறையை நீ பார், உன் முறையை நான் பிறகு பார்க்கிறேன். பட்டியலில் பெயரை மாற்ற மாட்டார்கள். ஆள் மாறிப் போவான். லோரீனின் பட்டாளச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற முறை முழுக்க இப்படித்தான் ஓடியதாம்.

கடிதம் கிடைத்தது. அச்சடிக்கிறவன் அலபாமாவில் இருந்தான், அடியில் போன் நம்பர். லோரீன் தேன் சொட்டுகிற குரலை எடுத்துக்கொண்டு, கிளப்பிலிருந்து ஒரு நினைவு விருந்து, எங்கள் ஊரில் உங்கள் கப்பல் ஆட்கள் யார் யார் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பென்சிலால் எழுதினாள். நடுவில் பென்சில் நின்றது. போனை வைத்துவிட்டு, எழுதினதை என் பக்கம் திருப்பினாள்.

எங்கள் ஊருக்கு இரண்டு கடிதம் போகிறதாம். ஒன்று ஆர்டனுக்கு. இன்னொன்று வெண்டல் ஹௌகனுக்கு.

வெண்டல் தலையில் எப்போதும் இருக்கிற தொப்பியில் வேறு கப்பலின் பெயர் இருக்கும். அவன் கடைசியாக இருந்த கப்பல். அதற்கு முன்னால் எதில் இருந்தான் என்று நாங்கள் கேட்டதே கிடையாது.

அதோடு விடவில்லை அலபாமாக்காரன். உங்கள் வெண்டல் பெரிய ஆள், கரைக்குத் தபால் கொண்டுபோன ஒரே படகில் போனவன் என்று பெருமையாகச் சொன்னானாம். கப்பல் நாட்குறிப்பின் நகல் அவனிடம் இருக்கிறது. அதில் மூன்று பெயர். ஒரு அதிகாரி, படகு ஓட்டினவன், வெண்டல். முதல் இரண்டு பேரும் எப்போதோ செத்தாகிவிட்டது. ஆர்டன் பெயர் அதில் இல்லை.

மாவிஸ் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப ஆர்டன் போகவே இல்லையா? நாப்பது வருஷமா என்கிட்ட கதை விட்டாரா?"

லோரீன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மறுபடி டிரக்கில் ஏறும்போது மணி ஒன்றே முக்கால்.

வெண்டல் பின்னறையில் சூப் குடித்துக்கொண்டிருந்தான். முகம் கழுவுகிற தொட்டி மேல் தட்டில் பல் செட்டு ஒட்டுகிற பசை டியூப் பாதி சுருண்டு கிடந்தது. லோரீன் அதை எடுத்துப் பார்த்தாள்.

"தீரப்போகுது, வெண்டல். கல்லறைக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணுன்னு ரெண்டா வாங்கி வச்சுக்க."

அவன் மறைக்கவே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காசு வைப்பது நான்தான் என்றான். ஆர்டனோடு அந்தக் கப்பலில் இருந்தது நிஜம்தான் என்றான். சொன்னால் மாவிஸ் ஆசை வைத்துவிடுவாள், கரைக்குப் போனது நான், ஆர்டன் இல்லை, அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது என்று கேட்டான். செத்தவன் பெண்டாட்டியிடம் உன் புருஷன் பொய்யன் என்று சொல்ல மனசு வரவில்லையாம். கண் கலங்கியிருந்தது.

சொன்னதில் ஓட்டை தெரியவில்லை. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது எனக்கு. எழுந்திருக்கப் போனேன். அவன் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி அந்தப் பழைய கதையை எடுத்தான். பாரில் அவன் நூறு தடவை சொன்ன கதை; எந்தக் கப்பல் என்று மட்டும் அதில் வராது. நூறு தடவையும் அவனுக்கு நான் பீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"உனக்குத் தெரியுமே எர்வின். கரையில புகை. குண்டு விழுந்துக்கிட்டே இருக்கு. படகு போகப் போக தீப்பெட்டி மாதிரி ஆயிடுச்சு. கடைசியில தபால் பையோட ஆரஞ்சுக் கலர் மட்டும் புள்ளியாத் தெரிஞ்சுது. இன்னும் கனவுல வருது."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"எங்க நின்னு பாத்தே?"

"என்ன?"

"படகு தீப்பெட்டி ஆச்சுன்னியே. படகுல இருக்கறவனுக்குக் கப்பல்தான் சின்னதாகும். படகு எப்பவும் அவன் காலுக்கடியிலதான் இருக்கும். நீ எங்க நின்னு பாத்தே, வெண்டல்?"

லோரீன் கதவைச் சாத்தினாள்.

வெண்டல் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். முப்பத்தொரு வருஷமாக அதே கதை. ஷெரிப் ஆபீஸில் அத்தனை திருடன் பொய்யையும் பிடித்த காது, இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமலே விட்டிருக்கிறது. சிநேகிதன் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அதற்குத்தான் நான் யாரையும் நம்பக் கூடாது என்பது.

பிறகு சொன்னான். பட்டியலில் அவன் பெயர்தான் இருந்தது. காலையிலிருந்து பயத்தில் வாந்தி. இருபது வயசு. ஏணிப் பக்கம் இறங்காமல் நின்றபோது ஆர்டன் வந்து, கொண்டா உன் மிதவைச் சட்டையை, நான் போறேன், எனக்கு ஒரு நாள் கடன் வச்சுக்கோ என்று சொல்லிவிட்டு இறங்கினான். யாரும் பெயரை மாற்றவில்லை. சாயங்காலம் ஆர்டன் முழங்கால் வரைக்கும் சிவப்புச் சேறோடு ஏறி வந்தான். வெண்டல் பயந்தது வெளியே தெரியக் கூடாது என்று, ஒரே கப்பலில் இருந்ததையே இரண்டு பேரும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அத்தனை வருஷம் கழித்து வெண்டலுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. அதுவும் விஷப் பட்டியலில் இருக்கிற வியாதி. நாட்குறிப்பில் பெயர் இருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னான். ஒன்பது வருஷமாக உதவித்தொகை வாங்குகிறான். ஆர்டன் படுக்கையில் விழுந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதித் தருகிறேன், நீ கவலைப்படாதே என்றும் சொல்லியிருக்கிறான்.

"சொல்லிட்டு, யாருமே உயிரோட இல்லைன்னு அவ மனுவில உன் கையாலேயே எழுதினே" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். மனைவி ஐவா முதியோர் இல்லத்தில் படுத்திருக்கிறாள், அந்தப் பணத்தில்தான் அவளுக்குக் கட்டில் என்றான். நான் வாய் திறந்தால் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பார்கள் என்றான். அது பொய்யில்லை. ஐவாவை எனக்குத் தெரியும். என் கல்யாண கேக்கைச் செய்தவள்.

"அதோட நிக்காதுடா. நூத்து நாப்பது மனு நான் எழுதினது. எழுதினவன் பொய்யன்னு தெரிஞ்சா ஒவ்வொண்ணையும் தோண்டுவாங்க. உன் காதையும் சேத்துதான். யோசிச்சுக்க."

இதைச் சொன்னபோது அவன் கண் கலங்கவில்லை. சூப்புக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"தோண்டட்டும். எனக்கு நெஜமாவே காது கேக்காது. எழுது."

"எனக்குச் சரியாவே கேக்குது. நானும் சாட்சிக் கையெழுத்துப் போடறேன். எழுது வெண்டல், உருளைக்கிழங்கு கறுத்துப் போகுது" என்றாள் லோரீன்.

அவன் பேனாவை எடுக்கவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தான்.

எல்லாம் அதில் இருந்தது. நாள், படகு, மிதவைச் சட்டை, சேறு. போனது ஆர்டன், நான் போகவில்லை என்று நேராகவே எழுதியிருந்தான். அடியில் கையெழுத்து. தேதி, மாவிஸுக்குத் தள்ளுபடிக் கடிதம் வந்த தேதி. கூடவே தபால் தலை ஒட்டிய உறை. முகவரிகூட எழுதியிருந்தது.

லோரீன் அதை வாங்கி, அடியில் இன்றைய தேதி போட்டு இன்னொரு கையெழுத்து வாங்கினாள். அவளும் போட்டாள். நகரத்தில் இருக்கிற அலுவலகம் அறுபது மைல். நாலரைக்குச் சாத்திவிடுவார்கள். என் டிரக் சாவியைக் கொடுத்தேன். தபாலை நம்பவில்லை, நாளைய தினத்தையும் நம்பவில்லை. போகிற வழியில் மாவிஸையும் ஏற்றிக்கொள், ஆர்டன் பொய் சொல்லவில்லை என்று முதலில் சொல்லிவிடு என்றேன். சரி பெருசு என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் வெண்டலை விட்டு நகரவில்லை. அவன் பக்கத்தில் போன் இருந்தது. நான் எழுந்து போன பிறகு அலுவலகத்தைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லிவைத்தால்? இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவன்தான் பேசினான். ஆர்டன் இருந்தால் மன்னித்திருப்பான் என்றான். மாதம் தவறாமல் கல்லறைக்குப் போனேனே, அது கணக்கில்லையா என்றான். ஒரு சென்ட் வைத்திருந்தால் உன்னை யாரும் கண்டுபிடித்திருக்கவே முடியாதே, ஏன் பத்து சென்ட் வைத்தாய் என்று நான் கேட்டேன்.

"அவன்கிட்டப் போயி எப்படிடா பொய்க் காசு வைக்கிறது?" என்றான்.

உயிரோடு இருக்கிறவளிடம் மட்டும் எப்படி வைத்தான் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு போன் அடித்தது. எடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிவிட்டார்கள், தேதி தெளிவாக விழுந்திருக்கிறது என்றாள் லோரீன். என்ன முடிவு வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் பொறுத்து விற்பனைப் பலகையைப் பற்றி யோசிக்கலாம் என்று கவுண்டரில் இருந்த அம்மா காதோடு சொன்னாளாம். மாவிஸ் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி மூன்று தடவை படித்தாளாம். அழவில்லையாம். ஆர்டன், ஆர்டன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

போனை வைத்துவிட்டு எழுந்தேன். வெண்டலும் எழுந்தான்.

"எர்வின். ஒரு வருஷமா எழுதி வச்சிருந்தேன். நான் மோசமானவனா இருந்தா அதை எழுதியே இருக்க மாட்டேன். அதையாவது நம்பு."

"அது நெஜம்னா, தள்ளுபடி ஆனதுக்கப்புறம் அவ எத்தனை தடவை இந்த நாற்காலில உக்காந்து அழுதாளோ, அத்தனை தடவையும் அந்தக் காகிதம் உன் முழங்கால்ல இடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நெஜமில்லன்னா இன்னிக்குக் காலையில எழுதியிருப்பே. எது நல்லதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

அவன் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அந்தக் காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்தேன். டிரக் லோரீனிடம் இருந்தது. வீடு இரண்டு மைல். நடந்தேன்.